நாலு வருட உழைப்பு, ஒரே இரவில் தீர்ப்பு: சிங்கப்பூரின் தனியாள் கேம் உருவாக்குநர்களை வாட்டுவது எது?

கணினி விளையாட்டுகளை விற்கும் மிகப்பெரிய இணையக் கடை ஸ்டீம். அதை நடத்தும் வால்வ் நிறுவனம் அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கிறது. கடையின் தள்ளுபடி விற்பனைகள் அந்த ஊர் நேரப்படி காலை 10 மணிக்குத் தொடங்கும். கேம் உருவாக்குநர்கள் பலரும் தங்கள் வெளியீட்டுக்கு அந்த நேரத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள். சிங்கப்பூரில் அப்போது நள்ளிரவு தாண்டி 1 மணி. அங்கே குளிர்காலம் என்றால் இங்கே 2 மணி. ஈசூனிலோ தெம்பனிசிலோ ஓர் அடுக்குமாடி வீட்டில், அப்பா அம்மா தூங்கிய பிறகு, மூன்று நான்கு ஆண்டுகள் தனியாக உட்கார்ந்து செய்த கேமை ஒருவர் வெளியிடுகிறார். விடிவதற்குள் அதன் தலைவிதி பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இப்படித் தனியாகவோ, இரண்டு மூன்று பேராகவோ, பெரிய நிறுவனத்தின் பணமின்றி மின்விளையாட்டு செய்பவர்களை இண்டி உருவாக்குநர்கள் என்கிறோம். அவர்களிடையே மனச்சோர்வும் பதற்றமும் தூக்கமின்மையும் அதிகம் பேசப்படுகின்றன. அதற்கு நம் வீடுகளில் சொல்லப்படும் காரணம் இரண்டு. கலை உள்ளம் கொண்டவர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்பது ஒன்று. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தாங்கும் சக்தி குறைவு என்பது இன்னொன்று. இரண்டையும் நான் ஏற்கவில்லை. இந்தத் தொழில் அமைந்திருக்கும் விதத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், எவ்வளவு திடமான மனிதரை உட்கார வைத்தாலும் அது அவரை ஆட்டிவிடும் என்பது தெரியும்.

முதலில் சந்தை. 2012 முதல் 2017 வரை, ஸ்டீமில் ஒரு சிறிய கேம் இடம்பெற வேண்டுமானால் பயனர்கள் வாக்களித்து அதை மேலே கொண்டுவர வேண்டும். 2017 ஜூனில் அந்த முறையை எடுத்துவிட்டார்கள். இப்போது 100 அமெரிக்க வெள்ளி கட்டினால் யாரும் கடை விரிக்கலாம். கேம் 1,000 வெள்ளி ஈட்டினால் அந்தக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். கதவு திறந்தது நல்லதுதான். முன்பு வாசலிலேயே நின்றுபோயிருக்கக்கூடிய பலர் உள்ளே வந்தார்கள். ஆனால் 2024இல் மட்டும் ஸ்டீமில் 18,000க்கும் மேற்பட்ட கேம்கள் வெளியாயின. நாளொன்றுக்குச் சராசரியாக ஏறக்குறைய 50. இந்தக் கூட்டத்தில் ஒரு புதிய கேமுக்குக் கிடைக்கும் மிகச் சாதாரணமான எதிர்வினை பாராட்டோ திட்டோ கிடையாது. ஒன்றுமே நடக்காது, அவ்வளவுதான்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது எளிதில் புரிவதில்லை. மோசமான விமர்சனம்தான் ஆளை உடைக்கும் என்று நினைக்கிறோம். விமர்சிப்பவர் குறைந்தபட்சம் விளையாடியிருக்கிறார். பத்துப் பயனர்கள் கருத்து எழுதினால்தான் ஸ்டீம் ஒரு கேமுக்கு ஒட்டுமொத்த மதிப்பீட்டைக் காட்டும். அந்தப் பத்தையே எட்டாத கேம்கள் ஏராளம். ஒரு நாவலாசிரியருக்கும் இந்த வலி உண்டு. ஆனால் கேம் செய்பவருக்கு அந்த மௌனத்தை எண்களாக்கித் தினமும் கையில் கொடுக்கிறார்கள். வெளியீட்டுக்கு வெகுமுன்பே கடையில் ஒரு பக்கம் திறந்து, விரும்புகிறவர்கள் தங்கள் விஷ்லிஸ்டில், அதாவது பிறகு வாங்க நினைப்பவற்றின் பட்டியலில், சேர்த்துக்கொள்ள வழிசெய்ய வேண்டும். எத்தனை பேர் சேர்த்தார்கள், எத்தனை பேர் நீக்கினார்கள் என்று உருவாக்குநரின் பக்கத்தில் நாள்தோறும் கணக்கு வரும். காலையில் பல் விளக்குவதற்கு முன்பே அந்த எண்ணைப் பார்ப்பதாகப் பலர் சொல்வார்கள். எண் ஏறினால் அன்றைக்கு வேலை ஓடும். இறங்கினால், நேற்று நன்றாக எழுதிய கணினிக் கோட்கூட இன்று குப்பையாகத் தெரியும். ஓராண்டு, இரண்டாண்டு இப்படியே வாழ்ந்தவரின் மனநிலை வேறு எப்படி இருக்கும்?

ஜெர்மனியில் பணியாற்றிய சமூகவியலாளர் யோஹான்னஸ் சீக்ரிஸ்ட் 1996இல் வேலை அழுத்தம் பற்றி ஒரு விளக்கம் முன்வைத்தார். நாம் போடும் உழைப்புக்கும் பெறும் பலனுக்கும் இடையில் சமநிலை குலையும்போது உடலும் மனமும் கெடுகின்றன என்பது அதன் சாரம். பலன் என்று அவர் சொன்னதில் மூன்று அடக்கம்: பணம், மதிப்பு, நாளைக்கும் வேலை இருக்கும் என்ற உறுதி. சம்பளம் குறைந்த தாதிக்கு நோயாளியின் நன்றியாவது கிடைக்கிறது. அலுவலகத்தில் மதிப்பே கிடைக்காதவருக்கு மாதக் கடைசியில் சம்பளமாவது வந்துவிடுகிறது. தனியாள் கேம் உருவாக்குநருக்கோ மூன்றும் ஒரே நேரத்தில் நிறுத்தி வைக்கப்பட்டு, ஆண்டுகள் கழித்து ஒரே நாளில் வரும், அல்லது வராது. வேலையின் கடினம் ஒருபுறம் இருக்கட்டும். பலனெல்லாம் ஒரே நாளுக்குத் தள்ளிப்போடப்பட்டிருப்பதுதான் ஆளைத் தின்கிறது என்பது என் எண்ணம்.

அந்த நாளுக்கு முந்தைய ஆண்டுகள் எப்படிப் போகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே ஆள் கோட் எழுதுகிறார், படம் வரைகிறார், கதாபாத்திரத்துக்கு நடை கொடுக்கிறார், ஒலி தேடுகிறார், மெனுவில் எழுத்துப் பிழை பார்க்கிறார், முன்னோட்டக் காணொளி வெட்டுகிறார், சமூக ஊடகத்தில் தினமும் ஏதாவது பதிவிடுகிறார். இவற்றில் இரண்டில் கெட்டிக்காரராக இருப்பார். மீதியில் தட்டுத் தடுமாறுவார். ஆகவே நாளின் பெரும்பகுதி தனக்குச் சரியாக வராத வேலையைச் செய்வதிலேயே கழிகிறது. தன்னைப் பற்றிய மதிப்பீடு இறங்க இது ஒன்றே போதும்.

இரண்டாம் ஆண்டு வாக்கில் வேறொன்று நடக்கிறது. தன் கேம் நன்றாக இருக்கிறதா என்று அவருக்கே தெரியாமல் போகிறது. முதல் நிலையை ஆயிரம் தடவை விளையாடிவிட்டார். எங்கே எதிரி வருவான், எங்கே கதவு திறக்கும் என்பதெல்லாம் விரலுக்குத் தெரியும். காலையிலிருந்து குழம்பை ருசி பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு மாலையில் உப்பு நின்றதா என்று சொல்ல வராது, அதே கதைதான். சந்தேகம் வந்ததும் எதையாவது சேர்க்கத் தோன்றும். மீன் பிடிக்கும் வசதி சேர்ப்போம், மழை பெய்ய வைப்போம், இன்னொரு முடிவு எழுதுவோம். வேலை வீங்குகிறது. ‘இன்னும் ஆறு மாசம்’ என்று வீட்டில் சொன்னது ஒன்றரை ஆண்டாகிறது. ஒவ்வொரு சேர்க்கையும் தீர்ப்பு நாளைக் கொஞ்சம் தள்ளிப்போடுகிறது என்பதால் அதில் ஓர் ஆறுதலும் இருக்கிறது. பயத்தையும் உழைப்பையும் அப்போது பிரித்துச் சொல்வது கடினம்.

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய் வகைப்பாட்டில் பணிச்சோர்வுக்குத் தெளிவான விளக்கம் கொடுத்தது. வேலையிடத்தில் தீராமல் தொடரும் அழுத்தம் சரியாகக் கையாளப்படாததால் வருவது அது. அடையாளங்கள் மூன்று: ஆற்றல் வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, செய்து முடிக்கும் திறன் குறைந்துவிட்டதாக உணர்வது. அதை அந்த நிறுவனம் நோய் என்று வகைப்படுத்தவில்லை. வேலை சார்ந்த நிகழ்வு என்கிறது. கையாள வேண்டியவர் யார் என்ற கேள்வி இங்கே முக்கியம். அலுவலகத்தில் மேலாளர் ஒருவர் ‘போதும்பா, வீட்டுக்குப் போ’ என்று சொல்லக்கூடும். தனியாளின் மேலாளர் அவரேதான். தன்னை வேலை வாங்குவதில் அவரைவிட இரக்கமற்ற முதலாளி கிடையாது. படுக்கையறையும் அலுவலகமும் ஒரே அறை என்பதால் வேலை முடிந்து கதவைச் சாத்திவிட்டு வரவும் வழியில்லை.

இது எல்லா நாட்டுக்கும் பொது. சிங்கப்பூரில் இன்னும் ஓர் அடுக்கு சேர்கிறது.

நம் ஊரில் வாழ்க்கைக்கு ஒரு நாட்காட்டி உண்டு, அதை எல்லோரும் மனப்பாடமாக அறிவோம். பலதுறைத் தொழிற்கல்லூரி அல்லது தொடக்கக் கல்லூரி, ஆண்களுக்கு இரண்டாண்டு தேசிய சேவை, பட்டம், வேலை, பிறகு காதலியோடு, பதிவு செய்த பின் கட்டித்தரப்படும் பிடிஓ அரசு வீட்டுக்கு விண்ணப்பம். 55 வயதுக்குட்பட்ட ஊழியர் ஒருவரின் சம்பளத்தில் 20 விழுக்காடும் முதலாளியின் பங்காக 17 விழுக்காடும் மத்திய சேமநிதி (மசேநி) கணக்குக்குப் போகின்றன. வீட்டுக் கடன் பெரும்பாலும் அதிலிருந்துதான் கட்டப்படுகிறது. சுயதொழில் செய்பவருக்கு முதலாளிப் பங்கு என்று எதுவும் இல்லை. நிகர வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் மருத்துவச் சேமிப்பான மெடிசேவ் கட்டுவது மட்டுமே கட்டாயம். கேம் இன்னும் வெளிவராதவருக்கு வருமானமே கிடையாது. மசேநி கணக்கு அசையாமல் நிற்கிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடு வாங்கவும் கடன் பெறவும் தகுதிக் கடிதம் கேட்கப் போனால் வருமானத்தைக் காட்ட வேண்டும். துணையின்றித் தனியாக வாங்கலாம் என்றால் 35 வயது ஆக வேண்டும். ஆக, 29 வயதில் கேம் செய்யும் ஒருவர் எடுத்துக்கொள்ளும் நான்கு ஆண்டுகள் அவருடையவை மட்டுமல்ல. காத்திருக்கும் ஒரு பெண்ணுடைய ஆண்டுகளும் அதில் சேர்ந்திருக்கின்றன. இந்தக் குற்ற உணர்ச்சியைப் பற்றித்தான் அவர்கள் மிகக் குறைவாகப் பேசுகிறார்கள்; அதிகம் வலிப்பது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

தீபாவளிக்கு உறவினர் வீட்டுக்குப் போனால் நடக்கும் உரையாடல் எல்லோருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான்.

“இப்ப எங்கய்யா வேலை பாக்குற?”

“வீட்லருந்துதான் அத்தை. கேம் செய்றேன்.”

“அது சரிய்யா, வேலைன்னு என்ன பாக்குற?”

அத்தை நல்லவர். கேட்டதில் வஞ்சகம் இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்குக் காட்டுவதற்குக் கையில் எதுவும் இல்லை என்பதே பிரச்சினை. கடை போட்டவர் கடையைக் காட்டலாம். பாட்டு எழுதுபவர் வானொலியில் வந்த ஒரு பாட்டைச் சொல்லலாம். பாதி முடிந்த கேமைக் கைப்பேசியில் திறந்து காட்டினால், சுவருக்குள் நடந்துபோகும் ஒரு பொம்மைதான் தெரியும். அடுத்த ஆண்டு அவர் தீபாவளிக்கு ‘வேலை இருக்கு’ என்று சொல்லி வராமல் இருந்துவிடுகிறார். நம் குடும்பங்களில் தனிமை பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது.

பணக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்ப்போம். பலரும், கேம் செய்யத் தொடங்குபவர்கள் உட்பட, இதைத் தாமதமாகத்தான் அறிகிறார்கள். 10 அமெரிக்க வெள்ளிக்கு ஒரு பிரதி விற்றால் ஸ்டீம் 30 விழுக்காடு எடுத்துக்கொள்ளும். மீதி 7. வாங்கியவர் அமெரிக்காவில் இருந்தால் இன்னொரு வெட்டும் உண்டு. சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் இடையே முழுமையான வருமானவரி உடன்படிக்கை இல்லை. அதனால் இங்குள்ள உருவாக்குநரின் அமெரிக்கப் பங்கில் 30 விழுக்காடு வரியாகப் பிடிக்கப்படுகிறது. 7 வெள்ளி 4.90 ஆகிறது. மாதம் 2,500 அமெரிக்க வெள்ளி என்ற அடக்கமான சம்பளத்தைத் தனக்கே மூன்றாண்டுக்குக் கொடுப்பதாக வைத்துக்கொண்டால் 90,000 வெள்ளி வேண்டும். அமெரிக்கர் ஒருவர்கூட வாங்காவிட்டாலும் அதற்கு ஏறக்குறைய 13,000 பிரதிகள் முழு விலையில் விற்றாக வேண்டும். எல்லோரும் அமெரிக்கர் என்றால் 18,000ஐத் தாண்டும். தள்ளுபடி, ஏழை நாடுகளுக்கான குறைந்த விலை, திருப்பிக் கொடுக்கும் பணம் எல்லாம் இந்தக் கணக்கில் சேரவில்லை. இதை முதல் நாளே தாளில் எழுதிப் பார்த்தவருக்கு, 2,000 பிரதி விற்றது ஒரு நல்ல தொடக்கம். எழுதிப் பார்க்காதவருக்கு அதே 2,000 தன் திறமைக்குக் கிடைத்த அவமானம்.

பணத்தைத் திருப்பித் தரும் விதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2015 ஜூனிலிருந்து, வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால், காரணம் எதுவானாலும் ஸ்டீமில் பணத்தைத் திரும்பப் பெறலாம். வாங்குபவருக்கு நியாயமான பாதுகாப்பு இது. ஆனால் சிறிய அணிகள் செய்யக்கூடிய கேம் பெரும்பாலும் சிறியது. 2021இல் ‘சம்மர் ஆஃப் 58’ என்ற திகில் கேமை வெளியிட்ட எமிகா கேம்ஸ், நல்ல கருத்துகள் எழுதியவர்கள் பலரும் முடித்துவிட்டுப் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, காலவரையின்றி இந்தத் துறையை விட்டு விலகுவதாக அறிவித்தது. பாராட்டும் கிடைத்து, பணம் மட்டும் திரும்பிப் போவது எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தன் கையில் இல்லாத விஷயங்கள் எவ்வளவு என்பதற்கு இன்னோர் உதாரணம் யூனிட்டி. இண்டி கேம்கள் பலவும் அந்த மென்பொருளில்தான் செய்யப்படுகின்றன. 2023 செப்டம்பரில் அந்நிறுவனம், குறிப்பிட்ட அளவைத் தாண்டிய கேம்களுக்கு ஒவ்வொரு புதிய நிறுவலுக்கும் கட்டணம் வசூலிக்கப் போவதாகத் திடீரென்று அறிவித்தது. எதிர்ப்பு வெடித்தது, முதலில் திருத்தினார்கள், ஓராண்டு கழித்து அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள். அந்த அளவை எட்டும் வாய்ப்பே இல்லாதவர்களும் அந்த வாரம் தூங்கவில்லை. மூன்றாண்டு உழைப்பு யாரோ ஒருவரின் விலைப்பட்டியல் மீது நிற்கிறது என்பதை அன்றுதான் பலர் உணர்ந்தார்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் எல்லோரும் சொல்லிக்கொள்ளும் கதை, ‘ஸ்டார்டியூ வேலி’. சியாட்டிலைச் சேர்ந்த எரிக் பரோன் ஏறக்குறைய நான்கரை ஆண்டுகள் தனியாக உழைத்து 2016இல் வெளியிட்ட பண்ணை விளையாட்டு. இன்று கோடிக்கணக்கில் விற்றிருக்கிறது. படம், இசை, கோட், வசனம் எல்லாம் அவரே. இந்தக் கதையில் அடிக்கடி விட்டுப்போகும் பகுதி, துணைவியின் வருமானம் அந்த ஆண்டுகளில் வீட்டைத் தாங்கியது என்பதும், அவரே ஒரு நாடக அரங்கில் இருக்கை காட்டும் பகுதிநேர வேலை பார்த்தார் என்பதும். ஒருவர் முகம் மட்டும் தெரியும் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர், தன்னால் தனியாகத் தாங்க முடியவில்லையே என்று தன்னையே குறை சொல்லிக்கொள்கிறார்.

வெற்றி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் உண்மையில்லை. பக்கத்து வியட்னாமில் நடந்ததே போதும். ஹனோயைச் சேர்ந்த டோங் நுவென் 2013இல் வெளியிட்ட ‘ஃப்ளாப்பி பர்ட்’ எட்டு மாதங்கள் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. 2014 ஜனவரியில் உலகமே அதை விளையாடியது. விளம்பரங்களிலிருந்து நாளுக்கு 50,000 அமெரிக்க வெள்ளி வருவதாகச் செய்தி வந்தது. அந்தப் பிப்ரவரியில் அவர் தானே அதைக் கடைகளிலிருந்து அகற்றினார். வசைகளும், செய்தியாளர்களின் துரத்தலும், மக்கள் அதற்கு அடிமையாவதைப் பார்த்த வேதனையும் அவரைத் தூங்கவிடவில்லை. ‘அமாங் அஸ்’ 2018இல் வந்தது. இரண்டாண்டு கழித்து, கிருமித்தொற்றுக் காலத்தில் திடீரென்று கோடிக்கணக்கானோர் அதில் குவிந்தார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய அந்த அணி திட்டமிட்டிருந்த இரண்டாம் பாகத்தைக் கைவிட்டு, முதல் கேமைத் தாங்கி நிறுத்துவதற்கே உழைக்க வேண்டியதாயிற்று. ஒரே நாளில் வரும் தீர்ப்பு சாதகமாக இருந்தாலும் ஆளைத் தள்ளிவிடும் வேகத்தில் வரக்கூடும்.

தமிழர்களாகிய நமக்கு இந்தத் துறையில் பெருமைப்பட ஒரு கேம் இருக்கிறது. டொரொண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட ‘வெண்பா’. கனடாவுக்குக் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்று, சிதைந்துபோன சமையல் குறிப்புகளை மீட்டு இட்லியும் புட்டும் சமைக்கும் கதை. 2024இல் சுயாதீன விளையாட்டு விழாவின் தலைமைப் பரிசும், முதல் படைப்புக்கான பிரிட்டனின் பாஃப்டா விருதும் அதற்குக் கிடைத்தன. அது சுமார் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் கேம் என்பதையும், மேலே சொன்ன இரண்டு மணி நேர விதியையும் சேர்த்து நினைத்தால், அதைச் செய்தவர்களின் துணிச்சல் புரியும். இங்கே கேம் செய்யும் தமிழ் இளையர்களுக்கு அது ஊக்கம் தந்தது; கூடவே ஒரு புதிய எதிர்பார்ப்பையும் சுமத்தியது. ‘நம்ம கதையா ஒண்ணு செய்யேன், அது மாதிரி’ என்று வீட்டில் சொல்வார்கள். விண்கலம் பற்றிக் கேம் செய்ய விரும்பும் பெண்ணுக்கு இது பாரம். செய்ய விரும்புகிறவருக்கோ வேறு தொல்லை: சில மென்பொருள்களில் தமிழ் எழுத்து ஒழுங்காக விழாது. ஒற்றைக்கொம்பு இடம் மாறி நிற்கும், ‘கொ’ மூன்று துண்டாகச் சிதறும். சொந்த மொழியைத் திரையில் சரியாகப் பார்ப்பதற்கே வாரக்கணக்கில் மல்லாடுபவருக்கு, இந்த வேலையில் தனக்கு இடமில்லையோ என்று தோன்றுவது இயல்பு.

சிங்கப்பூரில் கட்டமைப்புக்குக் குறைவில்லை. கேம் செய்யக் கற்றுத்தரும் அமெரிக்காவின் டிஜிபென் கல்லூரியின் கிளையும் பிரெஞ்சு கேம் நிறுவனமான யூபிசாஃப்ட்டின் கூடமும் 2008இல் இங்கு வந்தன. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த கேம்பிட் ஆய்வுக்கூடம் 2006இலிருந்து சில ஆண்டுகள் பல மாணவர்களைப் பழக்கியது. பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் கேம் வடிவமைப்புப் பட்டயம் உண்டு. தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் ஆதரவு தருகிறது. இங்கிருந்து வந்த நல்ல கேம்களும் இருக்கின்றன: ஜென்டில்புரோஸின் ‘கேட் குவெஸ்ட்’ 2017இல் வந்து, 2024இல் மூன்றாம் பாகத்தை எட்டியது, தென்கிழக்காசியப் பேய்க்கதைகளை எடுத்துக்கொண்ட ‘கோஸ்ட்லோர்’, எதிர்காலச் சிங்கப்பூரில் நடக்கும் ‘சைனாடவுன் டிடெக்டிவ் ஏஜென்சி’ இரண்டும் 2022இல் விற்பனைக்கு வந்தன. ‘கேட் குவெஸ்ட்’ செய்தவர்கள் ஒரே நிறுவனத்தில் முன்பு ஒன்றாக வேலை பார்த்த நண்பர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒருவர் சோர்ந்தால் இன்னொருவர் இருந்தார். உதவித் தொகைகளோ பெரும்பாலும் திட்டத்தைப் பார்த்துக் கொடுக்கப்படுகின்றன. ஆள் எப்படி இருக்கிறார் என்று பார்க்கும் ஏற்பாடு அரிது.

அப்படியானால் என்ன செய்யலாம்? நோய் எங்கே என்று தெரிந்தால் மருந்தும் அங்கேதான். உழைப்புக்கும் தீர்ப்புக்கும் இடையிலான தூரத்தைக் குறைக்க வேண்டும். நான்காண்டில் ஒரு பெரிய கேம் என்பதற்குப் பதிலாக ஆறு மாதத்தில் ஒரு சிறிய கேம், பிறகு இன்னொன்று. 2009இலிருந்து ஆண்டுதோறும் உலகெங்கும் நடக்கும் குளோபல் கேம் ஜாமில் முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்து பெரும்பாலும் ஒரு வார இறுதிக்குள் ஒரு கேமைச் செய்து முடிக்கிறார்கள். அதில் கலந்துகொண்டவர்கள் உற்சாகமாகத் திரும்புவதற்குக் காரணம், ஞாயிறு மாலையே யாரோ ஒருவர் அவர்கள் செய்ததை விளையாடிச் சிரித்துவிடுகிறார். பெரிய கேம்தான் செய்வேன் என்பவர், பாதியிலேயே டெமோவை வெளியே விட்டு அந்நியர்கள் விளையாடுவதைப் பார்க்கலாம். வலிக்கும், ஆனால் சிறுகச் சிறுக வரும் வலியைத் தாங்கலாம்.

வாரம் மூன்று நாள் சம்பள வேலை, மீதி நாள் கேம் என்பதைத் தோல்வியாகப் பார்க்கும் பழக்கம் இந்த வட்டாரத்தில் இருக்கிறது. ‘எல்லாத்தையும் விட்டுட்டு இறங்கணும்’ என்பது வீர வசனம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மசேநியில் ஏதோ விழுந்துகொண்டே இருந்தால், வீட்டில் பேச்சின் தொனி மாறும். கேமின் மீதுள்ள எடையும் குறையும். எவ்வளவு பணம் கரையும் வரை, எந்தத் தேதி வரை என்பதை முன்கூட்டியே துணையோடும் பெற்றோரோடும் உட்கார்ந்து எழுதிக்கொள்வதும் நல்லது. வரம்பு தெரிந்தால் அப்பாவுக்கும் நிம்மதி. அந்தத் தேதியில் நிறுத்துவது ஏற்கெனவே பேசி வைத்த முடிவு ஆகிவிடுவதால், அது மகனின் தோல்வியாக யாருக்கும் தோன்றாது.

சோர்வு எல்லை மீறினால் தொழில் சார்ந்த அறிவுரை போதாது. மனநலக் கழகம் 2016இல் நடத்திய ஆய்வில், சிங்கப்பூரில் 7 பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையாவது மனநலக் கோளாறுக்கு ஆளாகிறார் என்று தெரியவந்தது. அவர்களில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டோர் எந்தத் தொழில்முறை உதவியையும் நாடவில்லை. தூக்கம் போய், சாப்பாடு போய், முன்பு பிடித்த கேம்களையே தொட மனமில்லாமல் வாரக்கணக்கில் இருந்தால் பலதுறை மருந்தகத்திலேயே மருத்துவரிடம் பேசத் தொடங்கலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தின் 1767, தேசிய மனநல எண் 1771 இரண்டும் இரவு பகலாக இயங்குகின்றன.

வெளியீட்டுக்குப் பிறகு வரும் வெறுமையைப் பற்றி யாரும் திட்டமிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நான்காண்டுகளாக ஒவ்வொரு காலையும் செய்ய வேண்டியது என்ன என்று தெரிந்திருந்தது. வெளியான மறுவாரம் தெரியவில்லை. ஸ்டீம் பணம் அடுத்த மாதக் கடைசியில்தான் வரும். பிழைத்திருத்தக் கோரிக்கைகள் குவியும். விற்பனை நன்றாக இருந்தவர்களும் அந்த மாதங்களில் அழுததாகச் சொல்கிறார்கள். ஆகவே உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதுபவர்கள், வெளியீட்டுத் தேதியோடு பட்ஜெட்டை முடித்துவிடாமல், அதற்குப் பிந்தைய மூன்று மாத வாழ்க்கைச் செலவையும், ஒரு மனநல ஆலோசகரைப் பார்க்கும் செலவையும் அதில் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும். பணம் கொடுப்பவர்கள் அந்த வரியை அடிக்காமல் விட வேண்டும்.